இரண்டும் கண்முன் இருந்தால் மட்டும்

மொழியில் ஆயிரத்து நூற்று நாற்பது சொற்கள்.
பேசுபவர் இருவர்.
தார்த்து நகரில், ஆற்றுக்குப் பின்தெருவில்,
மூன்றாம் மாடியில்
ஒன்பது குளிர்காலம் அதைக் கட்டினார்கள்
ஹில்லாரும் உர்வேயும்.

உருளைக்கிழங்கு உரிக்கும்போது வினைச்சொற்கள்.
பேருந்தில் எண்கள்.
ஒரு வேற்றுமை உருபுக்காக
இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்,
எந்த மொழியிலும்.

ஒப்பிடும் விதி மட்டும் உர்வே தனியாக எழுதியது.
மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை.
அந்நியர் கண்முன்னே வில்லை மாற்றி மாற்றி
இது தெளிவா, இதுவா,
இன்னொரு முறை பாருங்கள், இதுவா
என்று பகலெல்லாம் கேட்டு வந்தவளின் விதி:

'லேம்' என்பது இடைச்சொல்.
குறைந்தது இடப்பக்கம், மிகுந்தது வலப்பக்கம்.
இரண்டும் கண்முன் இருந்தால் மட்டும்.

ஆகவே அந்த மொழியில்
நேற்றைய சூப்பே தேவலை என்று சொல்ல முடியாது.
அம்மா கைக்கு ஈடாகாது என்றும்.
ஹில்லாருக்கு அது பிடித்திருந்தது.
மேசையில் இரண்டு கரண்டியை அருகருகே வைத்து
வளைவு: கரண்டி லேம் கரண்டி
என்று சொல்லிச் சிரித்தான்.

மார்ச்சில் அவள் பார்னுவுக்குப் போனாள்.
இரண்டு பெட்டி. ஒரு கரண்டி.
கதவருகே சொன்னதை எஸ்தோனிய மொழியில் சொன்னாள்.

ஏப்ரல். ஆற்றில் பனி உடைகிறது.
அவர்கள் மொழியில்தான் எழுத உட்காருகிறான்.
குளிர், என்று எழுதுகிறான்.
லேமுக்கு வலப்பக்கம் வைக்க இந்த வீடு இருக்கிறது.
இடப்பக்கத்து வீடு,
அவள் காலுறைகள் ரேடியேட்டர்மேல் காய்ந்த வீடு,
கண்முன் இல்லை.
விதியைத் திருத்தலாம்.
திருத்தத்துக்கு இருவர் கையெழுத்து வேண்டும்.

இதைத் தமிழில் எழுதும் எனக்குச் சிக்கலில்லை.
காட்டிலும் என்பேன், எதையும் காட்டாமல்.
உன்னை விட என்பேன்,
விட்டது யார் என்று
இலக்கணம் கேட்காது.

அவன் இடப்பக்கம் இடம் விட்டு
லேம் எழுதினான்.
உறைக்குள் வளைந்த கரண்டியையும் போட்டான்.

தபால் நிலையத்தில் தராசைப் பார்த்தபடி
எடை அதிகம், இன்னொரு தலை ஒட்டணும் என்றாள் அந்தப் பெண்.
எதைவிட,
என்று கேட்டுவிட்டான்.
வரிசையில் பின்னால் நின்றவர்
இருமினார்.