கழுவித் துடைத்த இருட்டு

தபால்காரர் அடையாள அட்டை கேட்டார்.
சிவப்புச் சதுரம் ஒட்டிய பொதி;
பதினெட்டுக்குக் கீழே என்றால் தரமாட்டாராம்.
என் நரைத்த தாடியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்,
பிறந்த திகதியைத் தன் கருவியில்
ஈர விரலால் ஒவ்வொன்றாய் அழுத்தினார்.
வூப்பர்டாலில் மழை. வேறென்ன.

நிரோஜாவுக்கு வாங்கினேன்.
மூன்று மாரிகாலம் அவள் விளையாடித் தீர்த்தது
இப்போது சித்திரப் படமாக, புளூ-ரேயில்.
கறுப்பு மிகத் துல்லியம் என்று உறையில் போட்டிருந்தார்கள்.
எந்தக் கறுப்பு என்று போடவில்லை.

நான் விளையாடியதில்லை, பயந்தவன்.
குசினி வாசலில் நின்று
“கதவைத் திறக்காதை” என்று கத்துவது என் பங்கு.
அவள் திறப்பாள்.

இரவு பத்தே கால். திரையில் அதே வைத்தியசாலை.
முந்திக் கட்டம் கட்டமாய்க் கலங்கிக் கிடந்த இருட்டு
இன்று கழுவித் துடைத்த இருட்டு.
தாதியின் நகத்தடியில் ஊத்தை தெரிகிறது.
கிழியாத நாட்காட்டியில் ஒரு செவ்வாய்க்கிழமை தெரிகிறது.
நடையின் கடைசியில்
ஒருத்தி நிற்கிறாள் என்று இவள் சத்தியம் பண்ணி
ஒவ்வொரு முறையும் சுட்ட இடத்தில்
ஆணியில் ஒரு மழைக்கோட்டு.

“எத்தனை தோட்டா,” என்றாள்.
“இதுக்கா நான் அத்தனை தோட்டா?”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
படத்துப் பெண் கதவை நோக்கி நடக்கிறாள்
யாரும் நடத்தாமல்.
தலையணைமேல் நிரோஜாவின் வெறுங்கை.
பெருவிரல் மட்டும்
இடது, இடது, பின்னே, பின்னே.
படம் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொங்கு ரயில்,
எங்கள் யன்னல் உயரத்தில், தண்டவாளம் கிறீச்சிட.
பெட்டி வெளிச்சம் சுவரெல்லாம் ஓடி
அந்தத் துல்லியமான கறுப்புக்குள்
எங்களைக் கொண்டுபோய் இருத்தியது:
சோபாவின் இரண்டு மூலை, நடுவில் முறுக்குத் தட்டு.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒருவன்
எங்களைப் பார்த்தபடியே போனான்.
அவனுக்கு நாங்கள் ஒரு ஃப்ரேம், அவ்வளவுதான்.

ரயில் போய்விட்டது. கதவும் திறந்து கிடந்தது.
உள்ளே என்ன வந்தது, எது போனது,
இரண்டு பேரும் காணவில்லை.

“பின்னுக்கு விடு,” என்றேன்.
ரிமோட் அவள் மடியில்தான்.

“வேண்டாம். திறந்தது நான் இல்லை.”