போர்ட் பட்டியல் காலி

காஸ்ட்ரோவில் மழை விடாமல் மூன்றாம் நாள்.
கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் என் வீட்டில்
விறகு ஈரம், புகை வெளியே போக மறுக்கிறது.
மேசைமேல் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகை,
மூலையில் கடுகளவு சிவப்பு விளக்கு.
உயிர் இருக்கிறது என்கிறது விளக்கு.
யாரும் வரவில்லையே என்கிறது மடிக்கணினி.

படகுக்காகத்தான் வாங்கினேன் இதை.
ஆகஸ்ட் மாதப் பெருநீர் அன்று
சிப்பி ஆலையில் இரவு ஷிப்டில்
நான் ஓடு பிரித்துக்கொண்டிருந்தேன்.
வீட்டுக்கடியில் கட்டியிருந்த படகு
ஏறிய நீரோடு தானும் ஏறி
குறுக்கு உத்தரத்தில் தலை முட்டி
மேலே போக வழியில்லாமல்
கடலைக் குடித்துவிட்டது.
விடிந்து வந்து பார்த்தால்
ஒரு துடுப்பு மட்டும்
சமையலறைக்கு நேர் கீழே
தட்டிக்கொண்டிருந்தது.

படகைத் தூக்கித் தார் பூசியாயிற்று.
இனி நீர் உத்தரத்தை நெருங்கினால்
ஆலையில் என் கைபேசி அலற வேண்டும்.
அதற்குத்தான் இந்தப் பலகை,
ஒலியை எறிந்து தூரம் அளக்கும் இரட்டைக்கண் உணரி,
தரையில் நானே போட்ட ஓட்டை,
ஓட்டை வழியாக வரும் இந்தக் குளிர்.

வேறு துளையில் செருகினேன்.
கணினியை அணைத்து எழுப்பினேன்.
டிரைவர் வேண்டுமென்றார்கள், இறக்கினேன்,
பாதியில் இணையம் போனது; மழையென்றால் அதற்கு அப்படித்தான்.
மறுபடி முதலிலிருந்து.
ரீசெட் பொத்தானை நகத்தால் அழுத்திப் பிடித்து
கூடவே மூச்சையும் பிடித்து
செருகினேன்.
டிங் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டுமாம்.
கேட்டது.
பக்கத்து வீட்டு மைக்ரோவேவ்.

விற்ற கடைக்காரர் குஸ்தோதியோ
"அது செத்த பலகை, எதெல்மிரா, வேற வாங்கிக்கோ" என்றார்.
செத்ததில் விளக்கு எரியுமா என்றேன்.
பிணத்துக்கும் நகம் வளருமாம் என்றார்.
போனை வைத்துவிட்டேன்.
பலகையைப் பார்த்து நானும்
சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன்.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் நெல்தா
லேபிள் அச்சடிக்கும் இயந்திரத்தின் வடத்தை உருவி
என் பைக்குள் திணித்தாள்.
"திங்கக்கிழமைக்குள்ள திருப்பிடு.
மேஸ்திரிக்குத் தெரிஞ்சா
ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும்."

அதைச் செருகினேன்.
டிங்.

காலிப் பட்டியலில் ஒரு வரி:
போர்ட் ஏழு.
அப்படியே உட்கார்ந்திருந்தேன் கொஞ்ச நேரம்.
பிறகு கத்தியை எடுத்து
பழைய வடத்தை நீளவாக்கில் கிழித்தேன்.
டார்ச் விளக்கோடு இலவசமாக வந்தது அது.
உள்ளே ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு.
அவ்வளவுதான்.
பேச்சு போய்வர வேண்டிய பச்சையும் வெள்ளையும்
யாரோ ஒரு தொழிற்சாலையில்
காசு மிச்சமென்று
வைக்கவேயில்லை.

மூன்று இரவு
வாய்க்குச் சோறு ஊட்டிக்கொண்டே
காதைப் பொத்தி வைத்துவிட்டு
ஏன் பதில் சொல்லவில்லை என்று
அடிக்காத குறையாக நான் திட்டியது
இதைத்தானா.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
பலகையின் தலையை ஒரு விரலால் தொட்டேன், சூடாக இருந்தது.

உணரியை ஓட்டையில் இறக்கினேன்.
திரையில் எண்கள் வரத் தொடங்கின,
தரைக்கும் தண்ணீருக்கும் இடையே சென்டிமீட்டர்கள்:
188
187
187
0
186
நடுவில் எதற்கு ஒரு பூஜ்யம்?
அலையா, கம்பி லூசா, நீந்திப்போன வாத்தா?
மறுபடியும் 0.

குனிந்து பார்க்கலாமென்று டார்ச்சை எடுத்தேன்.
சார்ஜ் இல்லை.
அதன் வடம்
மேசைமேல்
குடல் தெரியக் கிடந்தது.