ஒன்றும் ஒன்றும்

இரண்டு ஆணிகளை இழுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்
ஒரு சுத்தியல்.
இரண்டு சுத்தியலுக்கு ஒரு பெட்டி,
இரண்டு பெட்டிக்கு ஓர் ஏணி.
ஏணி வந்ததும் முள்ளெலி
தன் ரொட்டிக்கடைக் கூரையில் ஏறிக்கொண்டு
வால் இருக்கிறதா என்றே தெரியாத பின்புறத்தை ஆட்டும்.
அந்த ஊரில் ஒன்றும் ஒன்றும் இரண்டில்லை.
ஒன்று. ஆனால் முன்னைவிடப் பெரிய ஒன்று.

என் பெயர் தைமி ரஸிலா. பள்ளி டாக்சி ஓட்டுகிறேன்,
லம்மாஸ்வாராவிலிருந்து கூஸிகோஸ்கிக்கு
நாற்பத்தேழு கிலோமீட்டர், பாதி தூரம் பைன் மரம், மீதியும் பைன் மரம்.
காலையில் விட்டால் மதியம் இரண்டு வரை
எனக்கும் என்ஜினுக்கும் வேலை கிடையாது.
கையுறையின் ஆள்காட்டி விரலை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு
பள்ளிக்குப் பின்னால், குப்பைத்தொட்டிக்கு எதிரே,
ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
அங்கே மேயர் ஒரு நீர்நாய்.
புயல் அடித்துப்போட்ட ஊர் என்று முதல் நாளே சொல்லிவிட்டது.

எங்கள் ஊரில் புயல் எதுவும் அடிக்கவில்லை.
கூட்டம் நடந்தது. காபி கொடுத்தார்கள், இலவங்கப்பட்டை பன்னும்.
லம்மாஸ்வாராவை இழுத்து
கூஸிகோஸ்கியின்மேல் வைத்தார்கள்.
இரண்டு பள்ளிக்கு ஒரு பள்ளி, அவர்களுடையது.
இரண்டு நூலகத்துக்கு ஒரு பேருந்து, வியாழன்தோறும்.
இரண்டு மருத்துவருக்கு ஒரு தொலைபேசி எண்;
நீங்கள் வரிசையில் பதினான்காவது ஆள் என்கிறது.
அதே கணக்குதான்.
நட்சத்திரம் மட்டும் சிதறவில்லை.

பின்னிருக்கையில் மூன்று பேர் இருந்தார்கள்.
ஹல்மே வீட்டு இரட்டையர் ஓவுலுவுக்குப் போய்விட்டார்கள்.
மிச்சம் வில்யா. ஒன்பது வயது.
என் தோளுக்கு மேல் மூக்கை நீட்டித் திரையைப் பார்த்து
யோசனை சொல்வாள்:
"அந்தப் பூந்தொட்டியை வித்துடு, இடத்தை அடைக்குது."

மூலையில் ஒரு மணி இருக்கிறது, ஆறாம் நிலை.
அதேபோல் இன்னொன்று கிடைத்தால் கடிகாரக் கோபுரம்.
அந்த இன்னொன்றுக்கு முப்பத்திரண்டு குட்டி மணிகள் வேண்டும்,
சக்தியோ இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொட்டுதான் ஊறுகிறது.
"ஜோடியே கிடைக்கலன்னா?"
"தொட்டியில் போடலாம். ஒரு காசு தருவார்கள்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"போட்டுடாதே," என்றாள்.

அவளிடம் நான் சொல்லாதது:
பள்ளிச் சாமான்களை ஏலம் விட்டபோது
கைமணியை நாற்பது யூரோவுக்கு எடுத்தது நான்தான்.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.
ஆனாலும் இருபதில் தொடங்கி
என்னை நானே மிஞ்சி மிஞ்சிக் கேட்டேன்,
அவ்வளவு மலிவாகப் போவது அவமானமாக இருந்தது.
டிக்கியில், உதிரிச் சக்கரத்துக்கடியில் கிடக்கிறது.
வண்டி பள்ளத்தில் இறங்கினால் ஒரு தரம் முனகும்.
"என்ன அது?" என்பாள்.
"சைலன்சர்," என்பேன்.

மார்ச்சில் ஒரு நாள், திரும்பும் வழியில்,
பழைய பள்ளி முன்னால் நிறுத்தச் சொன்னாள்.
படிக்கட்டுக்கடியில் நரி குடிவந்திருக்கிறது.
பனியில் அதன் தடம், நூல் பிடித்துத் தைத்ததுபோல்.
வங்கியின் புகைபோக்கியில் காக்கைகள்.
கால்பந்துத் திடலில் இரண்டு முயல்கள்
ஒன்றையொன்று துரத்தி, மோதி, உருண்டு,
இரண்டாகவே எழுந்தன.
"இதுவும் மிருகங்க ஊர்தான்," என்றாள்.
"யாரும் எதையும் ரிப்பேர் செய்யவில்லையே."
"அதுங்க கேக்கலையே."

டிக்கியைத் திறந்தேன்.
இரண்டு கையாலும் பிடித்து
ஒரே ஒரு தடவை ஆட்டினாள்.
நரி தலையை நீட்டியது,
தாமதமாக வந்த பிள்ளையைப் பார்க்கும் வாத்தியார் மாதிரி
எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

இரவு திறந்தால் சக்தி நிரம்பி வழிகிறது.
நீர்நாய் கைதட்டுகிறது,
இன்னும் பதினொரு குட்டி மணிதான் பாக்கியாம்.
போனைக் கவிழ்த்துவைத்தேன்.
நாளை ஆறேகாலுக்கு வில்யா,
எட்டுப் பேர் வண்டியில் ஓர் ஆள்.
மணியை டிக்கியிலிருந்து எடுத்து
அவள் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து
பெல்ட் போட்டுவிட்டேன்.