கடைசிச் சட்டம்

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
இஸ்திரி மேஜைமேல் பலகை.
தபால்தலை அளவுச் சில்லுக்கு
நூற்று நாற்பத்துநாலு கால்கள்.
பூதக்கண்ணாடி வைத்துப் பற்றவைத்தேன்.
எண்பத்தேழாவது கால் மட்டும்
ஈயத்தில் படாமல்
மயிரிழை தூக்கி நின்றிருக்கிறது.
அந்த வாரம் முழுக்க
வெசல்ஸ் பச்சையாக இருந்தார்.

பகலில் நான் லிஃப்ட் மெக்கானிக்.
டர்பன் துறைமுகத்துப் பழைய கட்டடங்களில்
இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன பெட்டிகளிலிருந்து
ஆட்களை இறக்கிவிடுவேன்.
இரவில் படங்களை.

குன்றில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம்
எங்கள் ரிப்பீட்டர்:
ஒரு தகர அலமாரி, ஒரு கம்பம்,
கேபிளில் குரங்கின் பல்தடம்.
நாலு பேர் அனுப்பும் படத்தை வாங்கி
நாற்பது கிலோமீட்டர் திருப்பி எறியும்.
பார்ப்பவர்களும் அந்த நாலு பேர்தான்.
மழையில்லாத இரவில் ஐந்து.

பழைய சர்க்யூட்டில்
ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறும்போதெல்லாம்
திரை உருளும், கிழியும், வெளுக்கும்.
புதியது அப்படியில்லை.
வருவதையெல்லாம் எண்களாக்கி
நினைவில் நிறுத்தி
திரையை நாலாக வகுத்து
ஆளுக்கொரு மூலை தரும்.

முதலில் வரிகளைத் தலைகீழாக அடுக்கிவிட்டேன்,
ஒற்றைப்படைக்கு முன்னால் இரட்டைப்படை.
சும்மா இருந்தவர்கள் சரியாகவே இருந்தார்கள்.
அசைந்தவர்கள்தான் நடுங்கினார்கள்.
க்வாமாஷுவிலிருந்து புசிசிவே கையசைத்தாள்,
கை போவதற்கு முன்பே திரும்பி வந்தது.
ஒரே ஒரு பிட்.
பூஜ்யத்தை ஒன்றாக்கினேன்,
கை போய்விட்டு வந்தது.

இன்னொன்றும் எழுதியிருந்தேன்:
சிக்னல் அறுந்தால்
கடைசியாக வந்த சட்டத்தைப் பிடித்து வை.
மழையில் ஒரு கணம் தடுமாறினால்
முகம் மறையக் கூடாதே என்று.
எவ்வளவு நேரம் என்பதை
எழுத மறந்தேன்.

செவ்வாய் இரவு எட்டுக்கு
வெசல்ஸ் பக்கம் மின்வெட்டு.
குன்றில் பேட்டரி இருந்தது.
வாய் பாதி திறந்து
ஒரு கண் பாதி மூடி
மேல் இடது மூலையில் இரண்டரை மணி நேரம் நின்றார்.

டொங்காட்டிலிருந்து தவநேசன் மூட்லி
அவரிடம் பேசிக்கொண்டே போனார்.
வெசல்ஸ் இவ்வளவு பொறுமையாகக் கேட்டு
அவர் பார்த்ததில்லையாம்.
ஆன்டெனாவில் தொடங்கி
பெர்த்துக்குக் குடிபோன மகன்
ஐந்து மாதமாய் ஃபோன் எடுக்காதது வரைக்கும்
பன்னிரண்டு நிமிடம்.
நானும் கேட்டேன், புசிசிவேயும்.
குறுக்கிட யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் வழக்கு.
உடனே அணைத்துவிடு, என்றார் வெசல்ஸ்,
ஈ பிடிக்கிறவன் மாதிரி நிற்க வைத்துவிட்டாய்.
மூன்று வினாடி போதும், என்றாள் புசிசிவே.
தவநேசன் கழுத்தைத் தடவிக்கொண்டு
இருந்தால் இருக்கட்டுமே என்றார்.

நம் பாஷையில் இதற்கும் சட்டம் என்றே பேர்.
வினாடிக்கு இருபத்தைந்து வந்து போகிறது.
அரசாங்கம் போடுவதும் சட்டம்.
அப்படி ஒன்றுதான்
ஊரை மூலை மூலையாக வகுத்து
எங்களை இந்தச் சரிவில் கொண்டுவந்து இறக்கியது.
அனுப்பிய நிலையம் எப்போதோ அணைந்துவிட்டது.
படம் இன்னும் நிற்கிறது.
எவ்வளவு நேரம் என்று
அதற்கும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஐம்பது, என்று எழுதினேன்.
இரண்டு வினாடி.
பிறகு வண்ணப் பட்டைகள், எங்கள் அழைப்புக்குறி,
நேரம், பேட்டரி வோல்ட்.

பலகையின் ஓரத்தில்
சின்னஞ்சிறு ஸ்விட்சுகள் எட்டு.
ஏழுக்குப் பேர் ஒட்டியிருக்கிறேன்.
எட்டாவது என்ன செய்யும் என்று
தவநேசனிடம் மட்டும் சொன்னேன்.
ஓ, என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை
குன்றின் சாவி கேட்டு வந்தார்.
குரங்கு மறுபடி கேபிளைக் கடித்திருக்குமோ என்று
பார்த்துவிட்டு வரணுமாம்.