அறை வெப்பநிலை

ஷில்லாங்கிலிருந்து பன்ஷாய் என்பவர் எழுதியிருக்கிறார்.
நாங்கள் சொன்னபடியே
ஏழு முறை செய்து பார்த்தாராம்.
ஏழு முறையும் வரவில்லையாம்.
கோபமில்லாத கடிதம்.
அதுதான் தொந்தரவு.

'இருபது நிமிடம், அறை வெப்பநிலையில்'
என்று எழுதியிருக்கிறீர்களே,
எந்த அறை?

தரமணியில் மூன்றாம் மாடி.
கால்வாய் நாற்றத்துக்குப் பயந்து
ஜன்னலை ஆணியடித்து மூடிய அறை.
சர்க்கரைப் பாகில் கிடந்த சிறுநீரகச் செல்களின் அழற்சியை
ஒரு வேர்ச்சாறு பாதியாய்த் தணித்தது என்று
நான்கு வருடம் முன்பு
நாங்கள் கண்டுபிடித்த அறை.
சால்வை போட்டார்கள்.
செய்தித்தாள் படத்தில்
என் இடது தோள் மட்டும் தெரியும்.

பரணிலிருந்து நோட்டை இறக்கினேன்.
மே பதினான்கு.
காலை: மருந்தில்லாத தட்டுகள். சிவப்பாய் ஒளிர்ந்தன.
மாலை: மருந்திட்ட தட்டுகள். வெளிறிக் கிடந்தன.
நடுவில் ஒரு டீக்கறை.
கீழே என் கையெழுத்தில்
'மூன்று தட்டுகள் சரியில்லை, சேர்க்கவில்லை.'
என்ன சரியில்லை?
அன்றைய நான் சொல்லவில்லை.
இன்றைய நான் கேட்டால்
அவளுக்குக் காது கேட்காது.

வாசலில் காவல் ஏழுமலையிடம்
புகார்ப் பதிவேடு இருக்கும், பச்சை அட்டை.
எதையும் தூக்கிப் போடாத மனிதர்.
அதில் இருந்தது:
'14.5. மதியம் 1.10. 3வது மாடி ஏ.சி. ஓடவில்லை.'
'15.5. மெக்கானிக் வரவில்லை.'
'16.5. வந்தார். கேஸ் இல்லை என்றார். போய்விட்டார்.'

கத்திரி வெயில்.
சாயம் சூட்டில் வெளுக்கும் என்று
புட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது,
எறும்பு எழுத்தில்.

அழற்சியைத் தணித்தது
வேர்ச்சாறாக இல்லாமல்
மே மாதமாகக்கூட இருக்கலாம்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'நூத்தி எண்பது பேர் மேற்கோள் காட்டிட்டாங்க மணிமொழி,
இப்ப போய் எதுக்குக் கிளறணும்?'
துடைத்த கண்ணாடியை
மறுபடி துடைத்தார்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி போடும் குணவதி அக்கா
அந்த வேரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறாள்.
ராயப்பேட்டையில் டயாலிசிஸுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
போகவில்லை.
'நீ கண்டுபுடிச்சதுதானேம்மா,
பேப்பர்ல பாத்தேனே உன்ன.'
என் தோளை அடையாளம் தெரிந்திருக்கிறது அவளுக்கு.

அன்றிரவே
அவள் வண்டியருகில் நின்று சொன்னேன்.
எப்படிச் சொன்னேன் என்று
எழுத முடியவில்லை.
பெட்டியில் கரி சிவந்துகொண்டிருந்தது.
'சரி, தேதி எப்பன்னு பாக்குறேன்' என்றாள்,
மடித்த சட்டையை
இன்னொரு முறை மடித்துக்கொண்டு.

பிறகு எல்லாவற்றையும்
யாரும் பார்க்கும்படி திறந்து வைத்தேன்.
நாற்பத்தேழு தட்டுகளின் எண்கள்,
சேர்க்காத மூன்றும் சேர்த்து.
டீக்கறைப் பக்கம்.
ஏழுமலையின் பச்சைப் பதிவேடு.
(அவர் பெயரும் வரவேண்டும் என்றேன்.
'இனிஷியலோட போடுங்க' என்றார்.)

'அறை வெப்பநிலை' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
காலை இருபத்து நான்கு.
மாலை தெரியாது. யாரும் அளக்கவில்லை.

நேற்று பன்ஷாயிடமிருந்து பதில்:
'இங்கே மழை, குளிர்.
ஒரு ஹீட்டர் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன்.
இம்முறை மருந்தில்லாமல்
உங்கள் வெயிலை மட்டும் வைத்துச்
செய்து பார்க்கிறேன்.'