அரைக் கொளுவு

பத்திநாதர் கொண்டுவந்தது
இடியனின் பூட்டு மட்டும்.
குழல் வீட்டில்.
கச்சேரிக் கடிதம் பொலித்தீன் உறைக்குள் நாலாய் மடித்தபடி.

"அரையிலை நிக்குதில்லை, பிள்ளை.
போன கிழமை சுவரிலை சாத்தினபடியே வெடிச்சிட்டுது.
கூரைத் தகரத்திலை ஓட்டை.
பக்கத்திலை மருமகன் படுத்திருந்தவன்."

அவர் சிரிக்கவில்லை. நானும்.

கழற்றிப் பார்த்தால்
கொளுவியின் மூக்கு தேய்ந்து
குளித்து முடிந்த சவர்க்காரம்.
ஆரோ கட்டடக் கம்பியில் அராவி வைத்திருக்கிறான்.
கம்பி பாரம் தாங்கும், வீடு தாங்கும்,
ஒரு மயிரிழை விளிம்பைத் தாங்காது.

கொக்குவிலில் என் பட்டறைக்குப் பின்னால்
மூன்று பரல் பழைய இரும்பு கிடக்கிறது.
ஒவ்வொன்றாய்ச் சாணைக்கல்லில் தொடுவேன்.
இரும்பு தன் பெயரைச் சொல்லாது,
பொறி சொல்லும்.
கம்பி என்றால் நீளமாய் ஒரு கோடு, நுனியில் ஒன்றுமில்லை.
சோமசெற் காரின் வில்லுத்தகட்டில்
கோடு நடுவழியில் கிளைக்கும்.
பழைய அரமோ தொட்டவுடன் பூவாணம்.
அந்த அழகில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்:
அரத்தில் வெட்டிய கொளுவி
சீமெந்து நிலத்தில் கைதவறி விழுந்து
பிஸ்கட் மாதிரி இரண்டானது.

தண்டவாளக் கவ்வி ஒன்றும் பரலுக்குள் இருந்தது.
அருமையான உருக்கு.
எடுக்கவில்லை.
யாழ்தேவி போகையில் என் ஜன்னல் நடுங்கும்;
அது எங்கே இருக்கவேண்டிய சாமான் என்று எனக்குத் தெரியும்.

வில்லுக்குச் சோமசெற், அது முடிவு.
தகட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து
சோக்குத்தூள் தடவிக் காத்திருந்தேன்.
ஓர் அந்தத்தில் மெல்லிய ஈரக்கோடு எழும்பியது.
வெடிப்பு. அவ்வளவையும் வெட்டி எறிந்தேன்.
மற்ற அந்தம் வெள்ளையாகவே காய்ந்தது.

கொளுவிக்கு லாண்ட்மாஸ்ரர் அச்சை எடுக்கும்போது
அவர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை மேசையில் வைத்தார்.
உள்ளங்கை நீளம். ஒரு பக்கம் வளைவு,
மற்றப் பக்கம் கிழிந்த ஓரம்.

"எங்கடை கிணத்துக்குள்ளை விழுந்தது.
இருபத்தெட்டு வருசமாய் வைச்சிருக்கிறன்.
இதிலை செய்யேலாதோ?"

ஏன் என்று கேட்கவில்லை.
சாணையில் தொட்டேன். பொறி நன்றாகத்தான் பறந்தது.
அவர் முகத்தில் அதன் வெளிச்சம் விழுந்ததைப் பார்த்தேன்.
பிறகு இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் ஓர் அடி,
பெரிதாகக் கூட இல்லை.
உடைந்த முகத்தில் மணிமணியாய், கல்லுப்பு.

"ஐயா, இது உடையவேண்டுமென்றே வார்த்த இரும்பு.
கொளுவி பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும்.
இதுக்கு அது தெரியாது."

இரண்டு துண்டையும் பொறுக்கி
அதே பைக்குள் போட்டார்.
"இப்ப ரெண்டாப்போச்சு" என்றார்.
மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை.

பின்னேரம் ஜன்னலைச் சாத்தினேன்,
நிறம் பார்க்க இருட்டு வேண்டும்.
சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து
மினுக்கி மறுபடி மெல்லச் சூடேற்ற
உருக்கின் மேல் வைக்கோல் நிறம் ஏறும்,
பிறகு பனங்கட்டி,
பிறகு கத்தரிப்பூ.
கொளுவியைப் பனங்கட்டியில் நிறுத்தினேன்.
வில்லைக் காக்கணம்பூ நீலம் வரைக்கும் விட்டேன்.
ஒரு மூச்சு பிந்தினால் எல்லாம் வீண்,
மூன்று வீணாயின.

நாலாவதைப் பூட்டிக் குதிரையை இழுத்தேன்.
அரையில் 'டிக்'.
கட்டைவிரலால் அமுக்கினேன், ஐந்நூறு தரம் எண்ணி.
ஐந்து கிலோ படிக்கல்லைக் குதிரையில் தொங்கவிட்டு
கதவைப் பூட்டி வீட்டுக்குப் போய்
சாப்பிட்டுப் படுத்தேன்.
நித்திரை வரவில்லை.
மருமகனின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

விடிய வந்து பார்த்தேன்.
அரையில்தான் நின்றது.

பில்லில் எழுதியது: வில்லு 1, கொளுவி 1, கூலி.
உடைத்ததற்கு ஒன்றும் எழுதவில்லை.
அவர் சைக்கிளை மிதிக்கத் தொடங்க
பைக்குள் அந்த இரண்டும்
ஒன்றோடொன்று முட்டும் சத்தம்
ஒழுங்கைத் திருப்பம் வரை கேட்டது.