தலையில் அலையுள்ள எழுத்து

தார்த்து நகரம். ஆறு உறைந்துபோன மாதம்.
ஈய எழுத்து விரலைக் கடிக்கிறது.
ஊதி ஊதிக் கோக்கிறேன்,
நாளுக்கு இரண்டு பக்கம்,
கூலி ஆண்களுக்குத் தருவதில் பாதி.

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு:
வட்டம், அதன் தலைமேல் சின்ன அலை.
லைப்சிக் வார்ப்புக்காரர்களுக்கு அது தெரியாது.
மூட்டைக்கு ஒரு பிடி அனுப்புவார்கள்,
மளிகைக்காரர் கொசுறு போடுவதுபோல.
அது இல்லாமல் 'சொல்' என்ற சொல்லைக் கோக்க முடியாது.
'சகோதரி' முடியாது.
'களிப்பு'க்கு இரண்டு வேண்டும்.
'தந்தைநாடு' என்பதற்கு ஒன்றும் வேண்டாம்,
எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.
எழுதினார்கள்.

ஆசிரியர் ஹிந்த்ரெக் சாரெபூ நல்லவர்தான்.
விளக்குக்கு எண்ணெய் சொந்தக் காசில் வாங்குவார்.
தேசம் விழிக்கிறது என்பார்,
சொல்லும்போதே கண் கலங்கும்.
பெண்கள் அனுப்புவதையும் படிப்பார்:
மருத்துவச்சி எப்பின் பிரசவக் கதைகள்,
கணவன் பெயரில் எழுதும் ஒரு போதகர் மனைவி,
பால்பண்ணையிலிருந்து வீயு கங்க்ரோ.
"உணர்ச்சி இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதுவார்.
அதன் கீழே, "இடம் இருந்தால்."

வீயுவுக்கு ஒரே ஒரு முறை இடம் இருந்தது.
பதினெட்டு வரி. நான்தான் கோத்தேன்.
வெண்ணெய் கடையும் சகோதரிகள் இருவர்.
ஒருத்தி ரிகாவுக்குப் போகிறாள்,
மற்றவள் அவள் பங்கையும் சேர்த்துக் கடைகிறாள்.
அவ்வளவுதான் கவிதை.
தலைகீழ் ஈயத்தில் வாசித்தும்
தோள் வலித்தது எனக்கு.

அன்று மாலையே வந்தது
மாணவர் சங்கத்திலிருந்து நாற்பது கண்ணி.
விழாப் புத்தகம், அவசரம்.
பன்னிரண்டாம் கண்ணியில் அலை எழுத்து தீர்ந்தது.
"வீயுவைக் கலை" என்றார் மேலாள்.

கலைத்தேன்.
சகோதரியிலிருந்து எடுத்து 'வெற்றி'யில் வைத்தேன்.
களிப்பில் இருந்த இரண்டில்
ஒன்று 'உரிமை'க்கு,
மற்றது மறுபடியும் ஒரு வெற்றிக்கு.
நடுவில் ஓட்டையோடு கிடந்த 'சொல்'லை
அறை அறையாகப் பிரித்துப் போட்டேன்.

ஜூனில் பாட்டுத் திருவிழா.
ஆறாயிரம் பேர், ஓக் இலை மாலைகள், ஒரு மழைத் தூறல்.
பதினோராம் பக்கம், நான்காம் வரியில்
அலை பாதி உடைந்த எழுத்து.
கீழே போட்டு உடைத்தவள் நான்தான், எனக்குத் தெரியாதா.
வீயுவின் சகோதரியை
ஆறாயிரம் வாய்கள் அகலத் திறந்து பாடின.
எழுதியவனைத் தோளில் தூக்கினார்கள்.
நல்ல பையன், கூச்சத்தில் காது சிவந்தது.
வீயு வரவில்லை.
கோடையில் மாடுகள் அதிகம் கறக்கும்.

அந்த வாரம் ஓர் இரவு, கதவைத் தாழிட்டு,
அலை இல்லாத வெறும் வட்டங்களை வைத்து
அந்தப் பதினெட்டு வரியை மறுபடி கோத்தேன்.
அலை போனால் எங்கள் மொழியில்
'மகிழ்ச்சி' என்பது 'குடிசை' ஆகிவிடும்.
ஆகட்டும் என்று ஒரே ஒரு படி எடுத்து
அஞ்சலில் போட்டேன்.

வெண்ணெய்க் கணக்குச் சீட்டின் பின்புறம் பதில் வந்தது:
"குடிசை இருக்கட்டும், ஒழுகினாலும் கூரைதானே.
சகோதரியின் தலையில் மட்டும்
ஊசியால் ஓர் அலை கீறிவிடுங்கள்.
ரிகாவில் கடல் உண்டாம்."

செப்டம்பரில் லைப்சிக்கிலிருந்து புது மூட்டை.
சாரெபூ கெஞ்சிக் கடிதம் எழுதி வாங்கியது:
அலை எழுத்து மட்டும் முந்நூறு.
பெட்டியில் அந்த அறை வழிகிறது,
மேலே கொட்டியதைக் கூட்டி அள்ள வேண்டியிருக்கிறது.
பண்ணைக்கு மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றாவது திரும்பி வந்தது,
உறைமேல் யாரோ பென்சிலில்:
"எந்த வீயு?"

ஊசி என் மேலங்கியின் கழுத்தோரத்தில்
குத்தியபடியே இருக்கிறது.
குனியும்போதெல்லாம் தெரியும்.